உயிர்த்தொண்டை

வெண்தொண்டைக் கிருமி மனிதத் தொண்டைக்கு வெளியே குடித்தனம் நடத்தாது. உறைய வைத்தால் செத்துவிடும். தட்டில் வளர்த்தால் சில நாள் வளரும், அதற்குள் சாதுவாகிவிடும். சாதுவான கிருமியை உப்புத் தண்ணீர்கூடக் கொல்லும். அப்படிக் கொன்றதை நம்பி ஒரு மருந்தை விற்றார்கள். அதைக் காலையும் மாலையும் கொப்பளித்த பிள்ளைகள் தென் மாவட்டங்களில் மூச்சடைத்துச் செத்தார்கள். பிறகு சட்டம் வந்தது. வாய் கொப்பளிக்கும் மருந்து எதுவானாலும், உயிருள்ள தொண்டையிலிருந்து அன்றன்றைக்கு எடுத்த கிருமியின் மேல்தான் சோதிக்க வேண்டும்.

உயிருள்ள தொண்டை தனியாக இருக்காது. அதற்கு ஓர் ஆள் வேண்டும். கிருமி அவருக்குள் குடியிருக்க வேண்டும், அவரைக் கொல்லக் கூடாது. அபூர்வமாகச் சிலருக்கு அப்படி அமைந்தது. அவர்களுக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை. சாப்பிடுவார்கள், சிரிப்பார்கள், பாடுவார்கள். அவர்கள் அருகில் இருந்த குழந்தையின் தொண்டையில் வெள்ளைத் தோல் படரும்.

அப்படிப் பன்னிரண்டு பேரைப் பிடித்து, கோவில்பட்டிக்கு வெளியே மூடிக் கிடந்த ஒரு நூற்பாலைக்குள் வைத்திருந்தார்கள். அரசாணையில் அவர்களுக்கு உயிர்த்தொண்டையாளர்கள் என்று பெயர். வேலை செய்கிறவர்கள் சுருக்கமாகத் தொண்டை என்றார்கள். "நாலாம் தொண்டை சாப்பிடலை", "ஒன்பதாம் தொண்டை ரிமோட் கேக்குது." தொடர்ந்து மூன்று முறை தொண்டையில் கிருமி இல்லை என்று வந்தால் வீட்டுக்குப் போகலாம் என்றது சட்டம். புது மருந்து ஒன்று வரும்வரை யாருக்கும் ஒரு முறைகூட அப்படி வந்ததில்லை.

கொம்பையா ஏழாம் தொண்டை.

அவனுடைய அறைக்கும் சோதனைக் கூடத்துக்கும் இடையில் தடித்த கண்ணாடி. அதில் இரண்டு ஓட்டைகள், ஓட்டைகளில் நீண்ட ரப்பர் கையுறைகள். சோதனையாளர் அமலோற்பவம் அவற்றுக்குள் கையை விட்டு, பஞ்சுக்குச்சியை எடுத்துக்கொண்டாள்.

"ஆ காட்டு."

"காட்டுங்கன்னு சொல்லு." ஒலிபெருக்கியில் அவன் குரல் கரகரத்தது.

"ஆ காட்டுங்க, கண்டக்டர்."

அவன் வாயைத் திறந்தான். தேவைக்கு மேல் ஓர் அங்குலம் உள்ளே தள்ளினாள். அவனுக்குக் குமட்டியது, கண்ணில் நீர் வந்தது. தினமும் அப்படித்தான் எடுப்பாள். எவ்வளவு ஆழம் என்று விதியில் எழுதப்படவில்லை.

"உங்கையில ஒருநா கரண்டியக் குடுத்தாலும் இப்படித்தான் குத்துவ போல" என்றான், மூச்சு வாங்கியபடி.

"கரண்டி குடுத்தா கண்ணுல குத்துவேன்."

"இன்னும் கொஞ்ச நாளுதான். குத்திக்கோ. வெள்ளிக்கிழமை மூணாவது தடவை. அதுவும் சுத்தம்னு வந்துட்டா எம்மவளத் தூக்கிக்கிட்டு அந்தப் பஸ் ஸ்டாண்டு வழியாவே நடந்து போவேன். உன் வீட்டு வாசல்ல நின்னு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போறேன்."

அவள் குச்சியைக் குழாயில் போட்டு மூடினாள்.

கொம்பையா சங்கரன்கோவில் தடத்தில் தனியார் பேருந்து நடத்துநராக இருந்தவன். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு டிக்கெட் கிழிப்பான். எல்லா நடத்துநர்களும் செய்வதுதான். அமலோற்பவத்தின் தம்பி லூர்து அந்தப் பேருந்தில் இரண்டாம் வகுப்புக்குப் போய்வந்தான். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டால்தான் அவனால் நிற்க முடியும். அதனால் அரை டிக்கெட்டை உதட்டில் கடித்துக்கொள்வான். எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். வெண்தொண்டை அந்தப் பேருந்தில் ஏறிய பிள்ளைகளை ஊர் ஊராக எடுத்துக்கொண்டு போனது.

செத்தவர்களின் குடும்பத்தார் இந்த வேலைக்கு வரக் கூடாது. ஆனால் நுண்ணுயிரியல் படித்துவிட்டு இதற்குள் வர வேறு யாரும் சம்மதிக்கவில்லை. நிலையத் தலைவர் டாக்டர் வரதகோபாலன் எல்லாம் தெரிந்தேதான் அவளை எடுத்தார். சேர்ந்த முதல் நாளே அவள் கொம்பையாவிடம் தம்பியின் பெயரைச் சொன்னாள். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஞாபகம் இல்ல. அரை டிக்கெட்டுக்கெல்லாம் நாங்க மூஞ்சியப் பாக்க மாட்டோம்" என்றான். உண்மையைத்தான் சொன்னான். பொய் சொல்லியிருந்தால் அவள் கொஞ்சம் குறைவாக வெறுத்திருப்பாள்.

புது மருந்தின் பெயர் கண்டசுத்தி. இளநீல நிறம், கிராம்பு வாசனை. அதற்கு முன்பு வந்த மருந்துகள் எல்லாம் அயோடின் குடும்பம். இது வேறு சரக்கு. பன்னிரண்டு பேரின் கிருமிகள் மேலும் அரை நிமிடம் ஊற்றிப் பார்த்தார்கள். தட்டுகளில் ஒரு புள்ளி முளைக்கவில்லை. பிறகு ஆட்களையே கொப்பளிக்க வைத்து, உடனே குச்சி விட்டு எடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் ஒன்றும் முளைக்கவில்லை. இரண்டு முறை. நிலையத்தில் அல்வா கொடுத்தார்கள். சென்னையிலிருந்து அழைப்பு மேல் அழைப்பு. வெள்ளிக்கிழமை விடுதலை விழா என்று முடிவானது. கலெக்டர் வருகிறார், தொலைக்காட்சி வருகிறது, திங்கட்கிழமை முதல் எல்லாப் பள்ளிகளின் வாசலிலும் கண்டசுத்தித் தொட்டி.

அமலோற்பவம் அல்வாவைத் தொடவில்லை. மற்ற பதினோரு பேர் போவதில் அவளுக்கு ஒன்றும் இல்லை. ஏழாம் தொண்டை போவதுதான் பொறுக்கவில்லை. அவனுடைய தொண்டையின் ஏதோ ஒரு மடிப்பில் ஒரே ஒரு கிருமியாவது உயிரோடு இருக்காதா என்று தேடினாள். வேறு நோக்கம் எதுவும் அவளுக்குக் கிடையாது.

செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அட்டவணையில் இல்லாத நேரத்தில், கையுறைக்குள் கையை விட்டாள். அவன் கொப்பளித்தது காலையில், விடுதலைக் கணக்கில் சேராத தினசரிக் கொப்பளிப்பு. அதன் பிறகு சாப்பிட்டிருந்தான், தண்ணீர் குடித்திருந்தான், பாட்டு பாடியிருந்தான்.

"என்ன, ஆசை தீரலையா?"

"வாயத் திற."

"காலம்பறதான எடுத்த? உனக்கென்ன, என் தொண்டையப் பிரிய மனசு வரலையோ?"

"ஆமா. உன் தொண்டைய மட்டும் அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோலாம்னு இருக்கேன். திற."

சிரித்துக்கொண்டே திறந்தான். தோற்கப் போகிறவளுக்கு இதுகூடக் கொடுக்காவிட்டால் எப்படி என்பது போல் நன்றாகவே திறந்தான்.

வியாழக்கிழமை காலை இன்குபேட்டரைத் திறந்து தட்டைத் தூக்கிப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில், இடைவெளி இல்லாமல், கொட்டிய ரவை மாதிரி முளைத்திருந்தது.

முதலில் வந்தது சந்தோஷம்தான். உரக்கச் சிரித்துவிட்டாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். அதே தொண்டை, அதே நாள். காலையில் கொப்பளித்ததும் எடுத்த குச்சி சுத்தம், மதியம் எடுத்தது காடு. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் இவ்வளவு கிருமி புதிதாக வந்து ஏறாது. அப்படியானால் காலைக் குச்சி பொய். காலைக் குச்சி பொய் என்றால் ஏன் பொய் என்று யோசித்தாள். யோசிக்க யோசிக்கச் சந்தோஷம் வடிந்தது. அலமாரியிலிருந்து, மருந்தை முறிக்க ஊற்றும் நியூட்ரலைசர் பாட்டிலை எடுத்து அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். பல மாதங்களாகத் தினமும் அவள் கையாலேயே ஊற்றிய பாட்டில். தட்டோடும் பாட்டிலோடும் டாக்டரின் அறைக்குப் போனாள்.

வரதகோபாலன் விழாவுக்கான பேச்சைத் திருத்திக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். கதவைச் சாத்தச் சொன்னார். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அயோடினுக்கு வாங்கின நியூட்ரலைசர்" என்றார்.

"ஆமா சார். நான்தான் ஊத்தினேன். யாருமே மாத்தணும்னு யோசிக்கலை. நீங்களும்தான்."

"சரி, உட்காரு. கத்தாதே."

"நான் கத்தலை."

"அரை நிமிஷம் ஆனதும் மருந்தை முறிச்சு நிறுத்தணும். அதுக்குத்தான் அதை ஊத்தறோம். இது கண்டசுத்தியை முறிக்கலை. அதனால மருந்து கிருமியோடவே தட்டுக்குப் போயிருக்கு. அரை நிமிஷத்துல கொன்னதா நாம நினைச்சது, தட்டுல ரெண்டு நாள் கூடவே கிடந்து கொன்னிருக்கு. தொண்டைக் குச்சியிலயும் அதே கதை. குச்சியில மருந்து ஒட்டிக்கிட்டே வந்திருக்கு." ஏதோ மாணவனின் விடைத்தாளைப் படிப்பது போலச் சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார். "தொண்டையில அவ்வளவு நேரம் எந்த மருந்தும் நிக்காது. எச்சிலை விழுங்கினா போச்சு."

"அப்போ நாளைக்கு நிறுத்துங்க."

"எதை வெச்சு?"

"இந்தத் தட்டை வெச்சு."

"அட்டவணையில இல்லாத நேரம். சாட்சி கிடையாது. எடுத்தது யாரு? தம்பியைப் பறிகொடுத்த அக்கா. யாரோட தொண்டை? தம்பியைக் கொன்னவனோட தொண்டை. கலெக்டர் என்னை என்ன கேப்பாருன்னு நினைக்கிறே?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?"

"நீ பழி வாங்கப் போய்த்தான் இதைக் கண்டுபிடிச்சேன்னு நினைக்கிறேன்."

"ஆமா."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. பேச்சு எழுதிய தாளை ஒதுக்கி வைத்தார்.

"இங்க பாரும்மா. இது கொல்லவே இல்லைன்னு நீ சொல்ல முடியாது. எவ்வளவு கொல்லுதுன்னுதான் தெரியாது. பாதி கொன்னாலும் லாபம்தான். போன வாரம் மட்டும் எத்தனை பிள்ளைங்க போச்சுன்னு பேப்பர்ல பார்த்தியா? ஜனங்க கையில எதையாவது குடுக்கணும். விழா முடியட்டும். சரியான நியூட்ரலைசர் வாங்கி, அமைதியா மறுபடி செய்வோம்."

"அந்தப் பன்னெண்டு பேரும் அதுக்குள்ள வீட்டுக்குப் போயிருப்பாங்க. வீட்டுல பிள்ளைங்க இருக்கு."

"கொப்பளிக்கச் சொல்லி அனுப்பறோம்."

"சார்."

"நாளைக்கு நீ விழாவுக்கு வா, வராம போ. ஆனா இந்தத் தட்டைப் பத்தி மைக்கு முன்னாடி வாயைத் திறந்தே, அந்தப் பாட்டிலை ஊத்தினது யார் கைன்னு நானும் திறப்பேன்."

தட்டை அவரே எடுத்துக் கிருமிநாசினி வாளிக்குள் போட்டார். அது மூழ்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் ஏழாம் அறைக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். கொம்பையா துணிகளை மடித்து ஒரு பையில் அடுக்கிக்கொண்டிருந்தான். கட்டிலின் மேல் ரப்பர் வாத்து ஒன்று. மகள் தன்ஷிகாவுக்காக யாரிடமோ சொல்லி வாங்கியது. அவனை இங்கே கொண்டுவந்தபோது அவள் வயிற்றில் இருந்தாள். கைபேசித் திரையில் மட்டுமே பார்த்திருக்கிறான்.

"நீ போகக் கூடாது" என்றாள்.

"இது புதுசா? தினம் கேக்குறதுதான."

"செவ்வாக்கிழமை மத்தியானம் எடுத்தேன்ல. முளைச்சிருக்கு. தட்டு பூரா."

மடித்துக்கொண்டிருந்த சட்டையை அவன் கீழே வைக்கவில்லை. "காலம்பற எடுத்தது?"

"அது மருந்து குச்சியில ஒட்டிக்கிட்டு வந்து தட்டுல கொன்னது. உன் தொண்டையில கொல்லலை. கொப்பளிச்ச உடனே எடுத்தா எல்லாரும் சுத்தம். சோறு தின்னுட்டு எடுத்தா எல்லாரும் அப்படியே இருக்கீங்க."

"எங்க, தட்டக் காட்டு."

"டாக்டர் வாளியில போட்டுட்டாரு."

கொம்பையா சிரித்தான். சத்தமாக, கண்ணாடி அதிர. "நல்லாருக்குட்டி. ரொம்ப நல்லாருக்கு. எல்லாம் யோசிச்சுத்தான் வந்திருக்க. தட்டு இல்ல, சாட்சி இல்ல, நீ சொன்னா நான் பையப் பிரிச்சு வச்சுட்டு உக்காந்துக்கிடணும்."

"நம்பாட்டிப் போ."

"உனக்கு நான் இதுக்குள்ளயே கெடந்து சாவணும். ஆமாவா இல்லையா? நேராச் சொல்லு."

"ஆமா."

"பொறவு உன்ன எப்படி நம்ப?"

"நம்பச் சொல்லலை. உன் மேல எனக்கு ஒரு இரக்கமும் கெடையாது. நீ போய் உன் மவளுக்கு முத்தம் குடுத்து, அது நாலாம் நாள் மூச்சுக்கு இழுக்கும்போது, என் தம்பி எப்படி இழுத்தான்னு உனக்குத் தெரியும். அதப் பாக்கணும்னு எனக்கு ஆசை உண்டு. ஆனா அந்தப் புள்ள எனக்கு ஒண்ணும் செய்யலை."

அவன் எழுந்து கண்ணாடிக்கு அருகில் வந்தான். மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. கெட்ட வார்த்தையில் திட்டினான். அவளை, அவள் அம்மாவை, அவள் படித்த படிப்பை. லூர்துவின் பெயரையும் சொன்னான். அவள் அசையாமல் நின்றாள். மூச்சு தீர்ந்ததும் நிறுத்தினான்.

"டாக்டருக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"அவரு நம்புதாரா?"

அவள் யோசித்தாள். "தெரியலை. நம்பின மாதிரிதான் பேசினாரு, நம்பாத மாதிரி நடந்துக்கிட்டாரு."

"சரி. போ." மறுபடி சட்டையை எடுத்தான். "நாளைக்கி அவரு முழியப் பாத்து நானே தெரிஞ்சுக்கிடுதேன். உன் பேச்சு எனக்கு வேண்டாம்."

வெள்ளிக்கிழமை நூற்பாலை முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். காலையில் பன்னிரண்டு பேரையும் மூன்றாம் முறை கொப்பளிக்க வைத்துக் குச்சி எடுத்தார்கள். தட்டு முளைக்க ஆகும் நாட்களைக்கூடக் காத்திருக்கவில்லை. இரண்டு முறை வந்தது மூன்றாவதும் வரும் என்று கலெக்டரிடம் சொல்லியாகிவிட்டது. ஒரு பக்கம் குடும்பங்கள், நடுவில் கயிறு, மறுபக்கம் விடுதலையாகிறவர்கள். மேளம் இருந்தது. கண்டசுத்தி நிறத்தில் பலூன்கள் இருந்தன.

கயிற்றுக்கு அப்பால் கொம்பையாவின் மனைவி முப்பிடாதி நின்றாள். இடுப்பில் தன்ஷிகா. குழந்தை அப்பாவை அடையாளம் கண்டுகொண்டு, திரையில் செய்வது போலவே கையை ஆட்டியது. வாயில் கட்டைவிரல்.

வரதகோபாலன் சுருக்கமாகப் பேசினார். அச்சத்தின் காலம் முடிந்தது என்றார். கண்ணாடிகளை உடைக்கிறோம் என்றார். கைதட்டினார்கள். விடுதலையாகிறவர்கள் சார்பில் ஒருவர் பேசட்டும் என்று மைக்கை நீட்டினார்கள். பேச்சுப் பழகியவன் என்று கொம்பையாவிடம் வந்தது.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றான். பேருந்தில் கடைசி இருக்கை வரை கேட்கப் பழகிய குரல். "எனக்குப் பேசத் தெரியாது. ஏறு, எறங்கு, சில்லறை குடு, அவ்வளவுதான் தெரியும்." சிரித்தார்கள். "இத்தன வருசம் என் எச்சிலுன்னா எல்லாரும் தொலைதூரம் ஓடினாங்க. எனக்குச் சோறு வச்ச தட்டக்கூட எரிச்சாங்க. இன்னிக்கு டாக்டரய்யா என் வாயி சுத்தம்னு சொல்லிட்டாரு. சந்தோசம். ஒரே ஒரு ஆசை."

மேஜையில் விருந்தினருக்காக வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்தான். உதட்டை நன்றாகப் பதித்து, பாதித் தண்ணீரைக் குடித்தான். மிச்சத்தை இரண்டு கையாலும் டாக்டரிடம் நீட்டினான்.

"நீங்க குடிங்கய்யா. ஊரு பாக்கட்டும்."

கூட்டம் ஆரவாரித்தது. யாரோ விசில் அடித்தார்கள். கேமராக்கள் முன்னால் நெருங்கின. இதைவிட நல்ல படம் அவர்களுக்குக் கிடைக்கப் போவதில்லை. கலெக்டரே புன்னகையோடு கைதட்டினார். வரதகோபாலனும் சிரித்தார். டம்ளரை வாங்கினார். ஒரு கணம் அதன் விளிம்பைப் பார்த்தார். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, டம்ளரை உயரத் தூக்கி, அண்ணாந்து ஊற்றிக் குடித்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. உதடு படவில்லை.

கைதட்டல் இன்னும் பலத்தது. எல்லா வீட்டிலும் தண்ணீர் குடிக்கிற முறைதானே. யாருக்கும் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை.

பந்தல் ஓரத்தில் நின்ற அமலோற்பவத்துக்குப் பட்டது. உதட்டை ஒதுக்கி ஒரு பயனும் இல்லை. குடித்தவனின் எச்சில் டம்ளருக்குள் திரும்பியிருக்கும், தண்ணீரிலேயே கிருமி இருக்கும். அது அவரைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. பயந்த கை படிப்பைக் கேட்கவில்லை, சின்ன வயதில் பழகியதைச் செய்துவிட்டது.

கொம்பையா டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மைக் இன்னும் அவன் கையில் இருந்தது. அதைக் கவனமாக மேஜையில் படுக்க வைத்தான். கயிற்றுப் பக்கம் நடந்தான். முப்பிடாதி சிரித்துக்கொண்டே குழந்தையை இரண்டு கையாலும் முன்னால் நீட்டினாள். ஒரு கை எட்டும் தூரத்துக்கு முன்பே நின்றான்.

"வாங்க, பிடிங்க. கனக்கா."

"பிடிச்சுக்கோ நீயே."

"என்ன ஆச்சு உங்களுக்கு?"

"எட்டிப் போ, முப்பிடாதி. இன்னும் எட்ட." குரல் உடையவில்லை, கோபமாகத்தான் இருந்தது. "அந்தாளு அண்ணாந்து குடிக்கான். பாத்தேல்ல? எம்மவளுக்கு அண்ணாந்து குடிக்கத் தெரியாது."

திரும்பி நடந்தான். அதிகாரிகள் வழிமறித்தார்கள், ஒருவர் தோளில் கை வைக்கப் போனார். அவன் வாயைத் திறந்து "ஆ" என்று காட்டினான். கை விலகியது. அத்தனை பேரும் விலகினார்கள். தானாகவே ஏழாம் அறைக்குள் போய்க் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டான். பின்னால் குழந்தை அழுதது பந்தல் ஒலிபெருக்கி வழியாகக் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

நீண்ட நாள் அடைபட்டவர்களுக்கு வெளி உலகம் பயம் தரும் என்று வரதகோபாலன் தொலைக்காட்சியிடம் விளக்கினார். மனநல ஆலோசனை தரப்படும் என்றார். மற்ற பதினோரு பேரும் மாலை போட்டுக்கொண்டு வேனில் ஏறிப் போனார்கள்.

சனிக்கிழமை அமலோற்பவம் வழக்கம்போல் வந்தாள். வேலையை விட்டு எடுத்ததாக யாரும் சொல்லவில்லை. பதினோரு அறைகளில் மெத்தைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கொம்பையா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ரப்பர் வாத்து பைக்குள் போயிருந்தது.

"நீ சொன்னதுக்காவ வரலை" என்றான் திரும்பாமல்.

"தெரியும்."

"உனக்கு நன்றி சொல்லுவேன்னு நிக்காத."

"உன் நன்றிய வச்சு நான் என்ன செய்ய? வந்து வாயத் திற."

அப்போது சோதனைக் கூடத்தின் கதவு திறந்தது. வரதகோபாலன் வந்தார். விழாவில் போட்டிருந்த அதே சட்டை, கசங்கியிருந்தது. தாடி முளைத்திருந்தது. முகமூடி போட்டிருந்தார். வீட்டுக்குப் போகவில்லை என்று பார்த்ததும் தெரிந்தது. அவர் வீட்டில் மகளும் பிரசவத்துக்கு வந்து பெற்ற பேரனும் இருந்தார்கள்.

"லேசா கரகரப்பு" என்றார். "ஏசி காத்து. ஒண்ணும் இருக்காது. சும்மா ஒரு ஸ்வாப் எடுத்துப் பார்த்துடலாம்." நாற்காலியில் உட்கார்ந்து முகமூடியை இறக்கினார்.

அமலோற்பவம் ஒரு குச்சியைப் பிரித்தாள். மறு கையில் இளநீலப் பாட்டிலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"கொப்பளிச்சிட்டு எடுக்கவா சார்? விதிப்படி?"

அவர் பாட்டிலைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

"வேண்டாம்" என்றார். "அப்படியே எடு."

அவள் குச்சியை மேஜையில் வைத்துவிட்டு, தொலைபேசியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"மொதல்ல அந்தப் பதினோரு பேரையும் திரும்பக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. ஸ்கூல் வாசல்ல தொட்டி வைக்கிறதையும் நிறுத்தச் சொல்லுங்க. அப்புறம் வாயத் திறங்க."

"நீ என்னை மிரட்டறியா?"

"ஆமா."

"வேற யாரையாவது கூப்பிட்டு எடுத்துக்கறேன்."

"கூப்பிடுங்க. எதுக்காக எடுக்கிறோம்னு அவங்ககிட்டயும் சொல்லுங்க."

குளிர்பதனப் பெட்டி உறுமியது. அவர் தொலைபேசியை எடுத்தார். கலெக்டரிடம் பேசினார், வேன் ஓட்டுநரிடம் பேசினார், சென்னையில் யாரிடமோ குரலைத் தாழ்த்தி நெடுநேரம் பேசினார். "ஆமா, நான்தான் கையெழுத்துப் போட்டேன்" என்று இரண்டு முறை சொன்னார். வைத்தபோது காது சிவந்திருந்தது. பிறகு தலையைச் சாய்த்து வாயைத் திறந்தார்.

அவள் குச்சியைத் தேவையான அளவுக்கு மேல் ஓர் அங்குலம் உள்ளே தள்ளினாள். அவருக்குக் குமட்டியது, கண்ணில் நீர் வந்தது.

கண்ணாடிக்கு அப்பால் கொம்பையா சுவரை விட்டுத் திரும்பி, முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஒலிபெருக்கி கரகரத்தது.

"அவங்க வர்ற வரைக்கும் ஆறாம் நம்பர் ரூமு காலியாத்தான் கெடக்கு சார்" என்றான். "மெத்தையச் சுருட்ட வேண்டாம்னு சொல்லிருங்க."